நம் தெருவைப் பார்க்கக் கற்போம்

கட்டுரை ஏடுகளைத் திருத்துவது தமிழாசிரியைக்குப் பழகிப்போன வேலை. திருத்தி முடித்ததும் மறந்துவிடுவதும் பழக்கந்தான். ஆனால் சென்ற ஆண்டு திருத்திய ஒரு கட்டுரை என்னை இன்னும் விடவில்லை. அதைப் பற்றி எழுதவே இந்த ஆண்டு மலரில் இடம் கேட்டேன்.

காலாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரம் அது. ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு 'நான் கண்ட காட்சி' என்ற தலைப்பைக் கொடுத்து, வீட்டில் எழுதி வரும்படி சொல்லியிருந்தேன். மறுநாள் மாலை ஏடுகளைப் பிரித்து உட்கார்ந்தேன். முதல் ஏட்டில் கன்னியாகுமரியில் கதிரவன் உதித்தான். இரண்டாம் ஏட்டிலும் அவனே உதித்தான். மூன்றாவதில் உதகை மலர்க்காட்சி. நான்காவதில் குற்றால அருவி. 38 ஏடுகளில் 11 முறை சூரியன் எழுந்துவிட்டது. எழுதியவர்களை அழைத்து, "கன்னியாகுமரிக்கு எப்போது போனீர்கள்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். "போனதில்ல மிஸ், கைடுல இருந்துச்சு" என்றாள் ஒருத்தி, மறைக்காமல்.

ஒரே ஓர் ஏட்டில் மட்டும் வேறு காட்சி இருந்தது. ஒன்றரைப் பக்கந்தான். அந்தப் பெண்ணின் தாயார் நம் பகுதியில் எழும்பிவரும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் சித்தாளாக வேலை பார்க்கிறவர். மாலையில் வீடு திரும்பியதும் அவர் செய்யும் முதல் காரியத்தை மகள் எழுதியிருந்தாள். தண்ணீர் குடிக்கும் முன்பு வாசற்படியில் உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் நகக்கண்ணில் இறுகிய சிமெண்டை ஒவ்வொரு விரலாக எடுப்பாராம். சும்மாட்டுத் துணியை உதறிக் கொடியில் போடுவாராம். மூன்றாம் மாடிவரை சாந்துச் சட்டி ஏற்றிய நாளில் அடுப்படியில் நிற்காமல் உட்கார்ந்துகொண்டே சமைப்பாராம். அவ்வளவே. 'ஐயோ' என்ற சொல்லோ, 'ஏழ்மையின் கொடுமை' என்ற தொடரோ அதில் எங்கும் இல்லை.

நான் மகிழ்ந்து போனேன். மறுநாள் வகுப்பில் இதைப் படித்துக் காட்டலாமா என்று அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "வேணாம் மிஸ். எல்லாரும் பாவம்னு பார்ப்பாங்க" என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அவள் சொன்னதில் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருப்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. உலகத் திரைப்படத்திலும் இலக்கியத்திலும் நல்லவர்கள் பலர் முட்டிமோதிய கேள்வி அது. எளியவரின் வாழ்வை உள்ளபடி காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையா, அல்லது அவரைக் காட்சிப் பொருளாக்கும் அவமரியாதையா?

இத்தாலியத் தெருக்கள்

மாணவச் செல்வங்களே, கொஞ்சம் தொலைவு போய் வருவோம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் இத்தாலி நாடு இடிபாடுகளுக்கு நடுவே நின்றது. 1937இல் ரோம் நகருக்கு வெளியே பெருமையோடு கட்டிய சினெச்சித்தா என்னும் பெரிய படப்பிடிப்பு நிலையம், குண்டு வீச்சில் சேதமுற்று, வீடிழந்தவர்களின் முகாமாக மாறியிருந்தது. அரங்கு இல்லை, விளக்கு இல்லை, போதிய படச்சுருள்கூட இல்லை. அப்போது சில இயக்குநர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். நடிகர் கிடைக்காத இடத்தில் தெருவில் நடந்து போனவரையே நடிக்க வைத்தார்கள். வறுமையால் பிறந்த வழக்கம் பிறகு ஒரு கொள்கையாயிற்று. அதையே நியோ ரியலிசம் என்றார்கள். தமிழில் நவயதார்த்தம் எனலாம்.

ராபர்ட்டோ ரோஸலினி 1945இல் 'ரோம் திறந்த நகரம்' என்னும் படத்தைத் தந்தார். செர்மானியரின் பிடியில் ரோம் இருந்த நாள்களைச் சொல்லும் கதை அது. அதில் வரும் தொன் பியெத்ரோ என்னும் பங்குக் குரு, விடுதலைப் போராளிகளுக்கு உதவிய குற்றத்திற்காகச் சுட்டுக் கொல்லப்படுகிறார். பங்கின் சிறுவர்கள் கம்பிவேலிக்கு அப்பால் நின்று அதைப் பார்க்கிறார்கள். உண்மையில் அவ்வாறு உயிர்நீத்த குருக்களின் வாழ்க்கையே அந்தப் பாத்திரத்துக்கு அடிப்படை.

1948இல் வித்தோரியோ தெ சீகா 'சைக்கிள் திருடர்கள்' படத்தை எடுத்தார். கதை மிகச் சிறிது. நெடுநாள் வேலையில்லாமல் இருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, அடகிலிருந்த சைக்கிளை மீட்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. தந்தையும் சிறுவன் புரூனோவும் ரோம் நகரெங்கும் தேடி அலைகிறார்கள். கிடைக்கவில்லை. மனம் உடைந்த தந்தை தாமே ஒரு சைக்கிளைத் திருட முனைந்து பிடிபடுகிறார். கூட்டம் அவரை அடிக்கிறது. மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தச் சிறுவனின் முகத்தைக் கண்டு சைக்கிளின் சொந்தக்காரர் அவரை விட்டுவிடுகிறார். தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக் கொள்கிறான். இவ்வளவுதான் படம்.

தந்தையாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அவருக்குப் பதில் புகழ்பெற்ற அமெரிக்க நடிகர் ஒருவரைப் போட்டால் பணம் தருவதாக ஹாலிவுட்டிலிருந்து ஒரு தயாரிப்பாளர் சொல்லியும் தெ சீகா இசையவில்லை. திரைப்படம் பிறந்து நூறு ஆண்டு நிறைந்ததையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில், மேற்சொன்ன இரண்டு படங்களுமே இடம்பெற்றன.

இலக்கியத்திலும் இக்காற்று வீசியது. இதாலோ கால்வினோ 1947இல் எழுதிய முதல் நாவல், விடுதலைப் போரை ஒரு தெருச் சிறுவனின் கண்வழியே சொல்கிறது. தளபதிகளின் வரலாற்றை எழுத எத்தனையோ பேர் இருந்தார்கள். தெருப் பையன் கண்டதை எழுத அப்போதுதான் ஆள் வந்தது.

சென்னைத் தெருக்கள்

இந்தியா இதைக் காணாமல் இல்லை. 1950இல் விளம்பர நிறுவன வேலையாக லண்டன் சென்ற சத்யஜித் ராய் அங்கே 'சைக்கிள் திருடர்கள்' படத்தைப் பார்த்தார். ஐந்தாண்டு கழித்து 'பதேர் பாஞ்சாலி' பிறந்தது. 1952இல் இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. இத்தாலியப் படங்கள் நம்மவர் கண்ணில் பட்டன. அடுத்த ஆண்டே பிமல் ராய், நிலத்தை மீட்கப் பணம் தேடிக் கல்கத்தா சென்று ரிக்ஷா இழுக்கும் உழவனின் கதையை 'தோ பீகா ஜமீன்' என்று படமாக்கினார்.

தமிழில்? பிரிவினை அகதிகளைப் பற்றி 1950இல் வங்காளத்தில் 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்து, அதில் மெய்யான அகதிகளையே நடிக்க வைத்த நிமாய் கோஷ் பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1960இல் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கினார். 1965இல் எழுத்தாளர் ஜெயகாந்தன் தம் நாவலான 'உன்னைப் போல் ஒருவன்' கதையைத் தாமே படமாக்கினார். சேரியில் வாழும் தங்கம் என்னும் தாயும் அவள் மகன் சிட்டியும் சென்னைத் தமிழிலேயே பேசினார்கள். தேசிய விருதில் நற்சான்று கிடைத்தது. அரங்கு நிறையக் கூட்டம் கிடைக்கவில்லை. பின்னர் 1979இல் துரை இயக்கிய 'பசி' வந்தது. அதில் குப்பை பொறுக்கும் பெண்ணாக நடித்த ஷோபா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். உங்கள் காலத்துப் படமொன்றைச் சொல்வதானால், 2015இல் வெளியான 'காக்கா முட்டை'யைச் சொல்லலாம். ஒரு பீட்சாவுக்கு ஆசைப்பட்ட இரண்டு சேரிச் சிறுவர்களை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் பாரிவாக்கத்தில் வாழும் நாம் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்க வேண்டிய படம் பாலு மகேந்திராவின் 'வீடு' என்பது என் கருத்து. 1988இல் வெளிவந்தது. அதில் பாட்டு இல்லை, சண்டை இல்லை. சுதா என்ற நடுத்தரக் குடும்பத்துப் பெண் தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் வாழ்கிறாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். வேறு வீடு தேடி அலுத்தபின், நகருக்கு வெளியே தாத்தாவுக்கு உள்ள மனையில் சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டத் துணிகிறாள். நகை போகிறது, கடன் ஏறுகிறது, அனுமதிக்குக் கையூட்டு, மழை, ஏமாற்றும் ஒப்பந்தக்காரர். சுவர் அரைகுறையாக எழும்பி நிற்கும்போது, தாத்தா வெயிலில் தனியே புறப்பட்டு வந்து, அந்தச் சுவர்களைத் தொட்டுத் தடவிப் பார்க்கிறார். பேத்தி கட்டும் வீட்டைக் கண்ட நிறைவோடு திரும்புகிறார். வீடு சேரும் முன் உயிர் பிரிந்துவிடுகிறது. அதன் பிறகு ஓர் அதிகாரி வந்து, இந்த நிலம் குடிநீர் வாரியத்துக்காக முன்பே எடுக்கப்பட்டது என்கிறார். நீதிக்காகச் சுதா காத்திருக்கிறாள் என்பதோடு படம் முடிகிறது.

இதற்காக அரங்கு போடவில்லை. சாலிகிராமத்தில் மெய்யாகவே செங்கல் அடுக்கி ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே படம் பிடித்தார்கள். பிற்காலத்தில் பாலு மகேந்திரா தம் 'சினிமாப் பட்டறை'யை நடத்தியது அந்த இடத்தில்தான். இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த ஊரில் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது தம் தாயார் ஒரு வீடு கட்டப் பட்ட பாட்டைக் கண்ட நினைவே படத்துக்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும் சேர்ந்தது. ஆனால் படத்தின் மூல நெகடிவ் இப்போது இல்லை என்று அவரே தம் கடைசிக் காலத்தில் வருந்திப் பேசினார். கட்டி முடியாத வீட்டின் கதையைச் சொன்ன படத்தைக்கூட நாம் பத்திரமாகக் காக்கவில்லை!

இந்தப் படத்தில் மங்கம்மா என்று ஒரு சித்தாள் வருகிறாள். சுதாவின் சிமெண்டு திருட்டுப் போவதை வெளியே சொல்பவள் அவள்தான். படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் ஏமாற்றும் கதையில், செங்கல் சுமக்கும் பெண் சுதாவின் பக்கம் நிற்கிறாள். ஒப்பந்தக்காரர் போனபின் வேலை நின்றுவிடாமல் நடப்பதும் அவள் கொடுத்த தைரியத்தால்தான். இயக்குநர் அவளைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்லவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்பதை மட்டும் காட்டினார். பார்க்கிற நமக்கு அவள்மேல் மதிப்பு தானே வருகிறது.

நம் ஊரில் இன்று சாலை ஓரமெல்லாம் 'மனைகள் விற்பனைக்கு' என்ற பலகைகள். நாற்று நட்ட வயல்களில் வெள்ளைக்கல் நட்டிருக்கிறார்கள். நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேரின் பெற்றோர் சுதாவைப் போல வங்கிக் கடனுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் நடுவே தூக்கமிழந்து நிற்கிறார்கள்! எத்தனை பேரின் பெற்றோர் மங்கம்மாவைப் போல அந்தச் சுவர்களைத் தூக்கி நிறுத்துகிறார்கள்! இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் கன்னியாகுமரிச் சூரியனைப் பற்றி எழுதுகிறார்கள்.

நம் ஊரில் ஒரு வேடிக்கையும் உண்டு. பூவிருந்தவல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் பக்கம் போனால் படப்பிடிப்புத் தளங்கள் இருக்கின்றன. அங்கே பலகையும் சாந்தும் கொண்டு ஒரு தெருவை உண்டாக்கிப் படம் பிடிப்பார்கள். வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். அதைக் காணக் கூட்டம் கூடும். மெய்யான தெரு மட்டும் பார்ப்பாரற்றுக் கிடக்கும்.

ஒரு பெண் எழுத்தாளர்

திரைப்படத்துக்குப் பணமும் கருவியும் வேண்டும். எழுத்துக்குப் பேனாவும் கண்ணும் போதும். இவ்விரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பெருஞ்சாதனை செய்த ஒரு பெண்மணியை மாணவியராகிய நீங்கள் அறிய வேண்டும். அவர் ராஜம் கிருஷ்ணன். 1925இல் முசிறியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைத் தொடரும் வயதிலேயே திருமணம் ஆகிவிட்டது. கல்லூரி வாயிலை மாணவியாக மிதிக்காத அவர், தாமே படித்தும் எழுதியும் முன்னேறி, 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

அவருடைய வழக்கம் தனித்தன்மை வாய்ந்தது. மேசைமுன் உட்கார்ந்து கற்பனை செய்வதோடு அவர் நிறைவடையவில்லை. எவரைப் பற்றி எழுத எண்ணினாரோ அவர்கள் வாழும் இடத்துக்கே போனார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்', கடற்கரை மீனவரைப் பற்றி 'அலைவாய்க் கரையில்', சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த குழந்தைகளைப் பற்றிக் 'கூட்டுக் குஞ்சுகள்', நீலகிரிப் படகர்களைப் பற்றிக் 'குறிஞ்சித் தேன்' என அவர் எழுதிய நாவல்கள் பல. உப்பளத்துப் பெண்ணின் காலில் வெடிப்பு எதனால் வருகிறது, அவளுக்குக் கூலி எப்படிக் குறைகிறது என்பதை அங்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினார். 2009இல் தமிழக அரசு அவருடைய நூல்களை அவர் வாழும்போதே நாட்டுடைமை ஆக்கியது. முதுமையில் துணையற்றுப் போன அவர், இங்கிருந்து ஒரு பேருந்து ஏறினால் எட்டிவிடும் போரூரில், மருத்துவமனையில் நெடுநாள் இருந்து, 2014இல் கண்மூடினார். எவரையும் 'அவர்கள்' என்று தள்ளி வைக்காமல் எழுதிய அந்தப் பெரியவர் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

இரண்டு மறுப்புகள்

இவற்றையெல்லாம் கூறும்போது பெற்றோர் சிலர் கேட்பார்கள்: "வாழ்க்கையில் படுகிற கஷ்டம் போதாதா? படத்திலும் கதையிலும் அதையே பார்க்க வேண்டுமா? பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இருக்கட்டுமே!" நியாயமான கேள்விதான். நாளெல்லாம் உழைத்தவர் மாலையில் ஒரு பாட்டுக் கேட்டு மகிழ்வதை நான் குறை கூறவே மாட்டேன். ஆனால் விருந்து மட்டுமே உண்டு வளர்ந்த குழந்தைக்குப் பசி தெரியாது. கனவுப் படங்களை மட்டுமே பார்த்து வளரும் பெண்ணுக்குத் தன் வீடு குறையாகத் தெரியும், தன் தாய் அழகற்றவளாகத் தெரியும், தன் தெரு எழுதத் தகாததாகத் தெரியும். 38 பேரில் 11 பேர் போகாத கன்னியாகுமரியை எழுதியது அதனால்தான். தான் கண்டது எதுவும் 'காட்சி' அல்ல என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். அவர்களுக்கு அப்படிக் கற்பித்தவர்கள் நாம்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. அதைத்தான் அந்த மாணவி ஒரு வரியில் சொன்னாள். 'பாவம்னு பார்ப்பாங்க.' சைக்கிள் திருடர்கள் படத்தின் கதாநாயகரை நினைத்துப் பாருங்கள். உலகமே அவர் நடிப்பைக் கொண்டாடியது. படம் முடிந்து தொழிற்சாலைக்குத் திரும்பியவருக்கு அங்கே வேலை நிலைக்கவில்லை. ஆள் குறைப்பில் அவரும் போனார். வேலையிழந்த ஒருவனாக நடித்துப் புகழ்பெற்றவர் மெய்யாகவே வேலையிழந்தார். அரங்கில் அமர்ந்து கண்ணீர் விட்ட ஆயிரக்கணக்கானோர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்தக் கலைக்கு இது ஓர் அழியாத உறுத்தல். ஒருவருடைய துன்பத்தைப் பார்த்து அழுவதால் மட்டும் அவருக்கு நாம் எதையும் கொடுத்துவிடவில்லை. சில வேளைகளில் அந்த அழுகையே 'நான் நல்லவள்' என்று நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் பரிசாகிவிடுகிறது.

அப்படியானால் காட்டாமலே இருந்துவிடலாமா? கூடாது என்பேன். எரிக்கோவுக்குப் போகும் சாலையில் அடிபட்டுக் கிடந்த மனிதனின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அவ்வழியே வந்த குருவும் கண்டார், லேவியரும் கண்டார், விலகிப் போனார்கள். சமாரியரும் கண்டார், அருகே போனார். மூவர் கண்ணிலும் பட்டது ஒரே காட்சி. விலகிப் போகிற பார்வை ஒன்று, அருகே போகிற பார்வை ஒன்று. 'பாவம்' என்பது பெரும்பாலும் விலகிப் போகிற பார்வை. சொல்லிவிட்டு நடந்துவிடலாம். நல்ல நவயதார்த்தப் படமும் கதையும் நம்மை அருகே அழைத்துப் போகின்றன. நகக்கண்ணில் இறுகிய சிமெண்டு தெரியும் அளவுக்கு அருகே.

என் குற்றம்

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த ஏட்டைப் படித்த அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்து என்னை நிற்க வைத்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், அதே வகுப்பில், வீட்டுப்பாடம் எழுதாத சிலரை எழுப்பி நிறுத்தி, "படிக்காவிட்டால் நாளைக்குச் செங்கல் சுமக்கத்தான் போக வேண்டும்" என்று சொன்னவள் நான். கோபத்தில் வந்த சொல். எல்லாரும் சொல்கிற சொல். வீட்டில் பெற்றோரும் சொல்கிறீர்கள். ஆனால் செங்கல் சுமந்து மகளைப் படிக்க வைக்கிற ஒரு தாயின் பிள்ளை, மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவின் வேலையை நான் தண்டனையாகப் பேசியிருக்கிறேன். பிறகு அதே அம்மாவைப் பற்றி அவள் எழுதியதைப் பாராட்டி, வகுப்பில் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். எந்த முகத்தோடு அவள் 'சரி' என்று சொல்வாள்?

எழுத்து நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்தேனே தவிர, எழுதப்பட்டவரை நான் பார்க்கவில்லை. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற பழமொழியை ஆண்டுதோறும் விளக்குகிற ஆசிரியைக்கு அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

எனவே சில வேண்டுகோள்கள். பெற்றோர்களே, ஆசிரியைகளே, ஓர் உழைப்பைக் காட்டிப் பிள்ளைகளை அச்சுறுத்தும் அந்த வாக்கியத்தை நம் வாயிலிருந்து எடுத்துவிடுவோம். படிப்பின் சிறப்பைச் சொல்ல வேறு நூறு வழிகள் உண்டு. அருட்சகோதரியரே, ஆண்டில் ஒரு மாலை 'வீடு' படத்தையும் மற்றொரு மாலை 'காக்கா முட்டை' படத்தையும் நம் பள்ளிக் கூடத்தில் பெற்றோரோடு சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்யலாகாதா? படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுக் கலைந்து போகாமல், அரை மணி நேரம் பேச வேண்டும். அங்கே வீடு கட்டும் தாய்மாரும் பேசட்டும், கட்டிக் கொடுக்கும் தாய்மாரும் பேசட்டும். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் நம் நூலகத்தில் ஓர் அடுக்கையாவது நிரப்பட்டும்.

மாணவியரே, உங்களுக்கு மூன்றே விதிகள். நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள். கண்டவரிடம் பேசிவிட்டு எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். எழுதும்போது 'பாவம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். காலை 5 மணிக்குப் பால் பாக்கெட் போடுகிறவர், பள்ளி வாயிலில் மாங்காய் நறுக்கி உப்புக்காரம் தூவும் பாட்டி, பேருந்துப் படியில் நின்று பயணச்சீட்டுக் கிழிக்கும் நடத்துநர், வேறு மாநிலத்திலிருந்து வந்து சாரத்தின் மேல் நின்று சுவர் பூசும் இளைஞர் என்று நம் பாரிவாக்கத்தில் காட்சிக்கு என்ன பஞ்சம்?

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். இந்தக் கட்டுரையை எழுதும் முன் அவளை அழைத்து, முதலில் நான் சொன்ன சொல்லுக்கு வருத்தம் தெரிவித்தேன். பிறகு, உன் ஏட்டில் உள்ள சிலவற்றை மலரில் குறிப்பிடலாமா, வீட்டில் கேட்டு வருகிறாயா என்றேன். மறுநாள் வந்தாள். "பேரு போடாம எழுதலாம்னு அம்மா சொன்னாங்க மிஸ்" என்றாள். போய்விட்டுத் திரும்பி வந்து, "ஆனா அழுகுற மாதிரி எழுதாதீங்க. எங்க அம்மா அழல" என்றாள்.

அவள் சொன்னபடி எழுத முயன்றிருக்கிறேன். அடுத்த ஆண்டு மலருக்குக் கட்டுரை தரவிருக்கும் மாணவியர் கன்னியாகுமரிச் சூரியனை அவன் போக்கில் உதிக்க விட்டுவிட்டு, நாளைக் காலை பள்ளிக்கு வரும் வழியில் கண்ணைத் திறந்துகொண்டு வரும்படி அன்போடு கேட்டுக் கொள்கிறேன்.

— தமிழாசிரியை, உயர்நிலைப் பிரிவு